அப்பிரதட்சிணமாத் திருப்பணும்

"ஹலோ... ஹலோ... ஆமாம், மயிலாப்பூர் வக்கீல் ராமானுஜம்தான் பேசறேன்... இல்ல, கேஸ் விஷயம் இல்ல. கேஸ் இருந்தா நான் ஏன் பட்டப்பகல்ல மோட்டாருக்கு அடியில படுத்துண்டிருக்கேன்? உங்க டிரைவர் மெஹபூப் பாஷாவைக் கொஞ்சம் கூப்பிடணும்... ஆமாம், ஆமாம்... காத்துண்டிருக்கேன்."

அடையாற்றுப் பங்களாவில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவது கம்பி வழியே கேட்டது. ராமானுஜம் கூடத்தில் நின்றபடி தன் கையைப் பார்த்துக்கொண்டார். முழங்கைத் தோல் நாலு விரற்கடை உரிந்திருந்தது. எப்போது உரிந்தது என்று தெரியவில்லை. வலிக்கவும் இல்லை. யாரிடமோ இரவல் வாங்கிய கையைக் கெடுத்து வைத்துவிட்டாற்போல் ஒரு சங்கடம், அவ்வளவுதான். வாசலில் அவருடைய பழைய மோட்டார் மூன்று நாளாக ஜாக்கி மேல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பாயா? நான்தான்... கழலல... நாலுல ஒண்ணுகூட... ஊத்தினேன், நேத்திக்குப் பூரா மண்ணெண்ணெயில ஊறவெச்சேன். எங்காத்து மாங்காய்கூட அத்தனை ஊறினதில்ல... தட்டினேன்... சுத்தியாலதான், வேற எதால தட்டுவேன், சட்டப் புஸ்தகத்தாலயா?... ஆமாம், ஆமாம், ஸ்பேனர்ல குழாயை மாட்டி, படுத்தவாக்குல காலாலயும் உதைச்சாச்சு. ஹைகோர்ட்டுலகூட இத்தனை வாய்தா கேட்டதில்ல பாய், இந்த நட்டு கேக்கறது."

பின் ஸ்பிரிங்கின் பெரிய பட்டை உடைந்துபோயிருந்தது. புதுப் பட்டை தாழ்வாரத்தில் தயாராகக் கிடந்தது. பழசை அச்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தவை லாடம்போல் வளைந்த இரண்டு போல்ட்டுகள். அவற்றின் நாலு நுனியிலும், தரையைப் பார்த்தபடி, நாலு நட்டுகள். அந்த மோட்டாரை அவருக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்து, ஓட்டவும் கற்றுக் கொடுத்தவர் பாஷா. வேலை சொல்லித் தந்ததும் அவர்தான், இதே டெலிபோனில்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அவளை அனுப்பறாளாம்... எழும்பூர் ஆஸ்பத்திரிலேர்ந்து... குலுங்கவே கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிஷனாச் சொல்லிட்டா, தையல் போட்டிருக்கு. ஜட்கா கூடாது, ரிக்ஷா கூடாது... டாக்ஸியா?... வேண்டாம் பாய்... காசுக்காக இல்ல. பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தியை ஏத்தினா, டாக்ஸிக்காரன் முதல்ல என்ன கேப்பான், நீரே சொல்லும்... ம். பிள்ளையா பொண்ணான்னு கேப்பான். கெட்டவன் இல்ல. நல்லவன்தான் கேப்பான்... அதான் நானே ஓட்டறேன்."

குழந்தை மூச்சு விடாமலே பிறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி செங்கமலம் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இவர் தினம் சாயங்காலம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, அதே சுவரைத் தானும் பார்த்துவிட்டு வந்தார். அழவில்லை. நாற்பது ரூபாய் வழக்கில் தோற்றால் இரண்டு நாள் சோறு இறங்காத மனிதர், இந்தப் பதினாறு நாளும் வேளை தவறாமல் சாப்பிட்டார். ருசிதான் தெரியவில்லை.

"எந்தப் பக்கமாத் திருப்பறேனா? நீர் சொன்ன பக்கம்தான்... வாயால சொல்லணுமா? அப்பிரதட்சிணமா. நீர்தானே சொன்னீர், இடது வலதுன்னா சாமிக்குக் குழம்பும், அப்பிரதட்சிணம்னா மறக்காதுன்னு... எனக்கா தெரியாது? கேசவப் பெருமாள் கோயிலைச் சுத்திச் சுத்தியே கால் தேஞ்சவன் நான்... எப்படி நினைச்சுண்டேனா? மோட்டார்தான் கோயில். நட்டு சன்னதி. மேலேர்ந்து பார்த்தா ஜனங்க எந்தப் பக்கமாச் சுத்துவாளோ, அதுக்கு நேர் எதிரா... ஆமாம், மேலேர்ந்துதான். பெருமாள் கீழேர்ந்தா பார்ப்பார்?... ஹலோ?... ஹலோ, பாய்?... ஏன் பேசமாட்டேங்கறீர்?... காகிதமா? இருக்கு, பென்சிலும் இருக்கு."

ஒரு பழைய வழக்கு நகலின் பின்பக்கத்தில், சொன்னபடியே ஒரு வட்டம் போட்டு, கோயிலை எதிர்த்துச் சுற்றுகிற திசையில் அம்பு வரைந்தார். படம் மேலே பார்க்கும்படி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் வெயிலில் காகிதம் ஊடுருவித் தெரிந்தது. அம்பு ஒழுங்காகப் பிரதட்சிணம் வந்துகொண்டிருந்தது.

"ம்... தெரியறது... கீழேர்ந்து பார்த்துத்தான் அப்பிரதட்சிணமாத் திருப்பணும்... ஆகக்கூடி, மூணு நாளா அதை இறுக்கிண்டிருந்திருக்கேன்... சிரியும், நன்னா சிரியும். எனக்கும் சிரிப்பு வரணும்தான். வர வழியில எங்கேயோ நின்னுடுத்து... வெச்சுடாதீர் பாய். இதோ வந்துடறேன்."

ரிசீவரை மேஜைமேல் சாய்த்துவிட்டு வாசலுக்குப் போய், மோட்டாருக்கு அடியில் மல்லாந்து நகர்ந்தார். ஸ்பேனரை மாட்டினார், குழாயைச் செருகினார். அப்பிரதட்சிணம். அப்பா போனபோது தோளில் தண்ணீர்ப் பானையோடு சிதையை அப்படிச் சுற்றியிருக்கிறார். அந்தச் சின்ன மூட்டைக்கு அதுகூடக் கிடையாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். நேரே போய், புதைத்துவிட்டு, நேரே வந்தார். பத்து நிமிஷ வேலை. இப்போது குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இழுத்தார். கதவு கிறீச்சிடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. துரு அவர் முகத்தில் உதிர்ந்தது.

"பாய்... இருக்கீரா?... கழண்டுது. ஒண்ணு, கால் சுத்து... ஆமாம், ஆமாம், கால் சுத்து வந்தா முழுக்க வந்தாப்போலத்தான்... சந்தோஷமா? இருக்கணும். இருக்குன்னே வெச்சுக்கும்... எந்த வழியாவா? மவுண்ட் ரோட்டோட போய், தேனாம்பேட்டை சுத்திண்டு, ஆழ்வார்பேட்டை வழியா... தெரியும் பாய், மழைக்கப்புறம் அங்க ரோடே இல்ல, பள்ளம்தான் இருக்கு. அதுக்குத்தானே புது ஸ்பிரிங்... ராயப்பேட்டை வழி கிட்டக்கதான், ரோடும் நன்னாருக்கு... வேண்டாம்... சொன்னாக் கேளும், வேண்டாம்."

பாஷா மறுபடி கேட்டிருக்க வேண்டும். ராமானுஜம் கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

"அந்த வழியிலதான் பாய், மயானத்துக்குத் திரும்பற மூலை இருக்கு... அவளுக்கு எந்த இடம்னு தெரியாது. அவ கேக்கல, நானும் சொல்லல. ஆனா எனக்குத் தெரியுமே. அந்த மூலை வந்தா என் கால் தானா பிரேக்கை மிதிச்சுடும்... ம்... ம்... யாரு, நீரா ஓட்டறேங்கறீர்? உம்ம எஜமானர் நாளைக்குச் செங்கல்பட்டு போகணும்னீரே?... வயித்து வலியா? உம்மைப் பார்த்தா வயித்து வலிக்காரர் மாதிரியா இருக்கு? கல்லைத் தின்னு ஜீரணம் பண்றவர்னு ஊருக்கே தெரியும்... சரி, சரி, உம்ம வயிறு, உம்ம பொய். வக்கீல் ஃபீஸ் வாங்காம ஆஜராறேன்... ஆறு மணிக்கே வந்துடும். இன்னும் மூணு நட்டை நானே கழட்டி வெச்சுடறேன்... ஆமாம், ஆமாம், கீழேர்ந்து பார்த்து... நான் முன்னாடி, உம்ம பக்கத்துல உக்காந்துக்கறேன்... பின்னாடியா?"

மூன்று நாளாக அந்த நட்டுகளோடு மல்லுக்கட்டியபோதெல்லாம் அவர் மனசில் ஓடிய சித்திரம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர், பின் சீட்டில் செங்கமலம், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சீட்டின் முதுகு. ஓட்டுகிறவனை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"பின்னாடி உக்காந்தா ஏதாவது பேசணுமே பாய்... கோர்ட்டுல பேசுவேன். உம்மகிட்ட இப்படி வாய் ஓயாமப் பேசுவேன். அவகிட்டப் போனா ஒரு வார்த்தை வரமாட்டேங்கறது. ஸ்டூல்ல கட்டை மாதிரி உக்காந்துட்டு வரேன்... உமக்கும் இப்படியா?... ரெண்டு குழந்தையா?... நீர் சொன்னதே இல்லையே... உம்மாத்து அன்வரி பேகமும் இப்படித்தான் சுவரைப் பார்த்துண்டு இருந்தாளா?... அப்புறம் நீர் என்னதான் பேசினீர்?... ஒண்ணுமே பேசலையா?... வெறுமனே பக்கத்துலயா?... ம்... ம்..."

ராமானுஜம் எட்டாக மடித்த காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்து நீவினார்.

"இருக்கேன் பாய், இருக்கேன்... கட்டாகல... மெதுவா ஓட்டுவீரோல்லியோ?... சரி. பின்னாடியே உக்காந்துக்கறேன்."

ரிசீவரை வைத்தார்.