குடைக்கு முந்நூற்றுப் பதினெட்டு

ஐயா, டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். நீங்கள் கேட்டுக் கேட்டு எழுத வேண்டாம், நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் சுப்புராயன். வயது நாற்பத்திரண்டு. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம், கட்டுமரத் தொழில். எத்திராஜ் என் தங்கை நீலாவின் புருஷன். பத்து வருஷமாக நானும் அவனும் ஒரே கட்டுமரம். நல்ல ஆள். அதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இந்தத் தேர்தலில் எங்கள் குப்பம் எப்படி இருந்தது என்று நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் இருந்தவரை ஆட்சி எங்களைக் கேட்டு வந்ததில்லை. அவன் போன பிறகு உட்கார்ந்தவர்களும் எங்களைக் கேட்டு உட்காரவில்லை. இப்போது டெல்லி பார்லிமெண்டுக்கு ஆள் அனுப்பக் கருவாடு விற்கும் மங்கம்மாவின் ஓட்டுச் சீட்டும் வேண்டுமாம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வேட்பாளருக்குச் சின்னம் குடை. மழையில்லாத தை மாதத்தில் நண்டு சிண்டு முதல் அத்தனை பேரும் குடை பிடித்துக்கொண்டு அலைந்தோம். குடை இல்லாதவன் முறத்தைப் பிடித்தான். எதிர்த்து நின்றவர் ஏற்கெனவே பதவியில் இருந்தவர், அவருக்குத் தராசு. வியாபாரியின் தராசில் எங்கள் மீன் என்றைக்கு ஐயா சரியாக நின்றது? எங்களிடம் வந்து தராசுக்கு ஓட்டுக் கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பஞ்சாயத்து கடலில் இறங்காதே என்று சொன்னால் அன்றைக்கு ஒரு கட்டுமரம் இறங்காது. ஓட்டும் அப்படித்தான். எல்லையம்மன் முன்னால் முந்நூற்றுப் பத்தொன்பது பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம், அத்தனை சீட்டும் குடைக்கே என்று. நடத்திவைக்கும் பொறுப்பு என்னுடையது. வேட்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு சீட்டு செதறாது சார். செதறிச்சின்னா என் தலைய எடுத்துக்க" என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அந்தச் சென்ட் வாசனை இரண்டு நாள் என் சட்டையில் இருந்தது.

ஓட்டுச்சாவடி எங்கள் பள்ளிக்கூடக் கொட்டகை. மறைப்புக்குள்ளே நீளமான பெஞ்சு, அதன்மேல் சின்னம் ஒட்டிய நாலு பெட்டிகள், ஒரு வேட்பாளருக்கு ஒன்று. வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். காலையில் பெட்டி வைத்ததுமே நான் பார்த்துக்கொண்டேன். குடை கடல் பக்கத்து ஓரம், தராசு தெருப் பக்கத்து ஓரம். கண் மங்கிய கிழவிகளுக்கு ஒரு சுலப வழி சொல்லிக்கொடுத்தேன். "பொட்டியப் பாக்காத. கடலப் பாத்து நில்லு. காத்து மூஞ்சில அடிச்சா, முன்னால கீற பொட்டிதான் குடை. அதுல போட்டுட்டு வந்துரு."

ஒருத்திகூடத் தவறவில்லை. மங்கம்மா சீட்டோடு சாமந்திப் பூவையும் போட்டுவிட்டு வந்தாள். எத்திராஜ் மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்தான், சிரித்துக்கொண்டே.

"இன்னாடா, அதுக்குள்ளயா?"

"சீட்டு போட இன்னா மச்சான், தாலியா கட்டணும்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

கடைசியாக நான் போனேன். ஊரையே அனுப்பிவிட்டுத்தானே நான் போக முடியும்? சத்தியத்துக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. உள்ளே போய்க் கைகூப்பிக் கண்ணை மூடினேன். அம்மன் சன்னதியில் சுற்றுவதுபோல் நின்ற இடத்திலேயே மூன்று முறை சுற்றினேன். கண்ணைத் திறக்கவில்லை. உண்டியலில் போடும்போது யார் கண்ணைத் திறப்பார்கள்? கை நீட்டினேன், ஓரத்துப் பெட்டி தட்டுப்பட்டது, போட்டேன். கடற்காற்று முதுகில் குளுகுளுவென்று அடித்தது, அம்மனே தட்டிக்கொடுத்த மாதிரி. அழுதுவிட்டேன் ஐயா. அவ்வளவு சந்தோஷம்.

ஓட்டு எண்ணும்போது குடைக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் சாவடியின் குடைப் பெட்டியைத் திறந்தார்கள். முந்நூற்றுப் பதினெட்டு சீட்டு, ஒரு வாடிய சாமந்தி. நடுவில் இருந்த இரண்டு பெட்டிகளும் காலி. தராசுப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒரே ஒரு சீட்டு விழுந்தது.

தராசின் ஏஜெண்டு சொன்னான்: "பரவால்ல நைனா, உங்க குப்பத்துலயும் ஒருத்தனுக்குப் புத்தி கீது."

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். குடை பல ஆயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தது. வெளியே பாண்டு வாத்தியம், வெடி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்மண்டபம் வரை போனார்கள். வாயில் ஜிலேபியைத் திணித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே தோள்மேல் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இதில் எவன்?

அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. எத்திராஜ் அன்றைக்கு எல்லோரையும்விட அதிகம் ஆடினான். கம்பி தெறித்த குடையைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு, நீலாவையும் இழுத்துவைத்து ஆடினான். மடியில் கனமில்லாதவன் இவ்வளவு ஆட மாட்டான். துறைமுகத்தில் வேலை வாங்கித் தரச் சொல்லி ஒரு மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அந்த மேஸ்திரி தராசு ஆள். சாவடியில் போன வேகத்தில் வந்ததும் அவன்தான். இதற்குமேல் என்ன வேண்டும்?

கட்டுமரத்தைக் கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவோம், மறுநாள் திரும்பக் கட்டுவோம். எங்களில் முன்கட்டு அவனுடையது, பின்கட்டு என்னுடையது. பத்து வருஷத்தில் ஒருவன் போட்ட முடிச்சை மற்றவன் இழுத்துப் பார்த்ததில்லை. மறுநாள் விடிந்ததும் பின்கட்டுக்கு நைந்த கயிற்றைப் போட்டேன். அவன் பார்க்கவில்லை. முன்னால் ஒரு காகிதக் குடையைச் செருகிவைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே தள்ளினான்.

அலை தாண்டி ஆழத்துக்குப் போனதும் கயிறு விட்டது. கட்டைகள் பிரிந்தன. ஒன்று அவன் தோளில் அடித்தது, வலது கை தொங்கிவிட்டது. நான் ஒரு கட்டைமேல் குப்புறப் படுத்துக்கொண்டேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் இடது கையால் அதே கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"கையக் குடு மச்சான்."

"மொதல்ல சொல்லு. எந்தப் பொட்டில போட்ட?"

"இன்னா மச்சான் கேக்கற?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "குடைதான் மச்சான். அம்மன் சத்தியமா குடைதான்."

நடுக்கடலில் தொங்கிக்கொண்டு அம்மன் பேரில் பொய் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? நான் பொறுமையாகத்தான் இருந்தேன். "உண்மையச் சொல்லு, தூக்கிடறேன்" என்றேன். ஒரு அலை அவனை மூடிவிட்டுப் போனது. மேலே வந்து இருமினான்.

"தராசு. தராசுலதான் போட்டேன், போதுமா? கையக் குடு மச்சான். நீலா கீறா மச்சான்."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு, சத்தியம் தவறியவனைக் கரைக்குக் கொண்டுபோய் எந்த வீட்டில் இறக்குவது? அவனுடைய விரல்களைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டேன். சுண்டுவிரல்தான் கடைசி. பின்னால் வந்த கட்டுமரம் என்னை ஏற்றிக்கொண்டது.

கயிறு அறுந்த விபத்து என்று ஊர் நம்பியது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியபோது, புது மெம்பராகிவிட்ட எங்கள் வேட்பாளர் வெற்றி ஊர்வலத்தை நிறுத்திவிட்டு வந்தார். எத்திராஜுக்கு மாலை போட்டார். குடைக் கொடியை அவன்மேல் போர்த்தினார். அவனைப்போல ஒரு தொண்டன் கிடையாது என்று மைக்கில் பேசினார். நீலா அந்தக் கொடியை முத்தமிட்டு முத்தமிட்டு அழுதாள். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை ஐயா. துரோகிக்குக் குடைக் கொடியா? அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என்ன கேட்டீர்கள்? நான் சீட்டுப் போடும்போது காற்றா? முதுகில்தான் ஐயா. முன்னமே சொன்னேனே, அம்மன் தட்டிக்கொடுத்த மாதிரி என்று.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? கிழவிகளுக்குச் சொன்னது கிழவிகளுக்கு ஐயா. எனக்கு எதற்கு அந்த வழி? எழுதுங்கள். எத்திராஜ் தராசுக்குத்தான் போட்டான். அவனே ஒப்புக்கொண்டான்.