பன்னிரண்டு டேக்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, மேடம். என் அறையில் வருகிறவர்களுக்கு நான் போட்டிருந்தது கொஞ்சம் குட்டை. உட்கார்ந்ததும் எதிராளி ஒரு சாண் இறங்கிவிடுவார். கதை சொல்ல வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தே பாதிக் கதையை மறந்துபோவார்கள்.

இருபத்திரண்டு வருஷ வேலை. பழைய டேப்புகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவனாகச் சேர்ந்தேன். ஸ்டுடியோவின் தொலைக்காட்சிப் பிரிவுத் தலைவர் வரை வந்தேன். யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. "பாக்கலாம்" என்பேன். அந்த ஒரு சொல்லை நம்பி ஆறு வருஷம் வாசலுக்கு வந்துபோன எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பாக்கலாம் சார்' என்பார்கள். எனக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும்.

நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது அந்த நகைச்சுவைத் தொடரைப் பற்றி. கதாநாயகி என் மனைவியின் தங்கை. வீட்டில் சின்னவள் என்போம். சிபாரிசு இல்லை, நிஜமாகவே கெட்டிக்காரி. அவள் கணவர், என் சகலை, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் நடித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பார். அப்படி ஒரு மனுஷன்.

கடைசிக் காட்சி எடுக்கிற அன்று வாத்தியார் இதய நோயோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் ஆபரேஷன். "நீ போய் முடிச்சிட்டு வா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்று அவரேதான் அவளை அனுப்பினார். படப்பிடிப்புத் தளத்தில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது. நான் போட்ட சட்டம், எனக்கு மட்டும் கிடையாது. மறுநாள் காலை செட்டைப் பிரித்துவிடுவார்கள். அதே வாரம் சினிமாப் பிரிவும் என் கைக்கு வருவதாகப் பேச்சு.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"திடீர்னு மோசமாயிடுச்சுங்க. கண்ணத் தொறந்து அவளத்தான் கேக்குறாரு. உடனே அனுப்புங்க."

"கிளம்பிட்டா" என்றேன்.

ஆஸ்பத்திரி கால் மணி நேரத் தூரம். ஒரே ஒரு ஷாட்தான் பாக்கி, பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அலமாரிக்குள் கணவன் ஒளிந்திருப்பதாக எண்ணி, வெறும் அலமாரியை அவள் திட்டித் தீர்க்கிற காட்சி. முதல் டேக்கிலேயே பிரமாதம். ஏணி மேல் இருந்த லைட்மேன் சிரித்ததில் ஏணி ஆடியது. இயக்குநர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அப்போது மனைவி மறுபடியும் கூப்பிட்டாள். "எங்க வந்துட்டிருக்கா? வாசலையே பாத்துட்டிருக்காரு."

"சிக்னல்ல மாட்டிக்கிட்டாளாம்."

சொல்லிவிட்டு யோசித்தேன். இப்போது அனுப்பினால் அவரை உயிரோடு பார்ப்பாள். அக்காவும் தங்கையும் பேசுவார்கள். எப்போது சொன்னேன், எப்போது கிளம்பினாள் என்று கணக்கு வரும். வாத்தியார் வேறு, கணக்கில் புலி.

"இன்னொண்ணு எடுக்கலாம்" என்றேன்.

திரைச்சீலை கசங்கியிருக்கிறது என்றேன். அலமாரிக் கைப்பிடி பளபளக்கிறது என்றேன். யாரோ இருமினார்கள் என்றேன். இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவரிடம் என்ன பேசுவார், பாவம். ஒன்பதாவது டேக்கில் சின்னவள் என் பக்கத்தில் வந்தாள்.

"என்ன மாமா, உங்களுக்குச் சிரிப்பே வரலையா?"

"உன்னால இன்னும் நல்லாப் பண்ண முடியும்மா."

பண்ணினாள். குறை சொல்ல முடியாது.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு மனைவியிடமிருந்து செய்தி வந்தது. 'போயிட்டாரு.' அப்போது பன்னிரண்டாவது டேக் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்று காத்திருந்து ஓகே சொன்னேன். பிறகு அவளைத் தனியே கூட்டிப்போய், இப்போதுதான் தகவல் வந்தது என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தச் சட்டையை நானே துவைத்தேன்.

என் மனைவி விடுவாளா? கிளம்பிவிட்டாள் என்றீர்களே என்றாள். உதவி இயக்குநர் பெண்தான் அப்படிச் சொன்னாள், சேதியைச் சின்னவளிடம் சொல்லவே மறந்திருக்கிறாள் என்றேன். அந்தப் பெண்ணை அன்றே வேலையிலிருந்து அனுப்பினேன். அவள்தான் உங்களிடம் புகார் கொடுத்தவள். நல்ல பெண், கொஞ்சம் பிடிவாதம். எடிட்டரும் சேர்ந்துகொண்டார். முதல் டேக் இவ்வளவு நன்றாக இருக்க, மேலும் பதினொன்று எதற்கு என்று அவருக்குச் சந்தேகம். ஒவ்வொரு டேக்கிலும் நேரம் பதிவாகியிருக்கும் என்பது டேப்புக்குச் சீட்டு ஒட்டின எனக்கே தோன்றவில்லை, பாருங்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தொடருக்காக எடுத்தது ஒரு டேக். மீதிப் பதினொன்றும் வாத்தியார் சாவதற்காக எடுத்தவை. செத்த வீட்டில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டே அவர் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் மனைவி இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள். கோபம் ஆறட்டும். உயிர் பிரிவதைக் கண்ணால் பார்க்கிற கொடுமை சின்னவளுக்கு இல்லாமல் செய்தது யார் என்று, நிதானமாக யோசித்தால் இருவருக்கும் புரியும்.