பதினொன்றாவது கேள்வி

அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தையில் நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“எங்க வீட்டுக்காரவுக பார்லிமெண்டுல பதினொண்ணாவதா வந்தாக.”

“எலக்சன்ல நின்னாகளா லாத்தா?”

“இல்லடி. வெளிநாட்டுல மொதலாளி பாஸ்போர்ட்டப் புடுங்கி வச்சுக்கிட்டான்ல, அத நம்ம எம்.பி. கேள்வியா எழுதிக் குடுத்தாரு. எந்தக் கேள்வி மொதல்லன்னு குலுக்கிப் போட்டதுல பதினொண்ணாவது. மொறை வந்தா மந்திரி எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும்.”

“சொன்னாரா?”

“தெருவே எங்க வீட்டு டிவி முன்னாலதான். பாயி பத்தல. ஒருத்தி டீ போடுறா, ஒருத்தி பிள்ளைகள அதட்டுறா. கல்யாண வீடு கெட்டுச்சு போ. பதினோரு மணிக்கு ஆரம்பிச்சாக. ஒண்ணு, ரெண்டுன்னு நாங்களும் எண்ணுறோம். அஞ்சாவதுல ஒரே கூச்சல். ஏழு நடக்குறப்பவே பன்னெண்டு அடிச்சிருச்சு. கேள்வி நேரம் முடிஞ்சிருச்சுன்னுட்டாக. நாந்தான் எந்திரிச்சு டிவிய அமத்துனேன்.”

“அவ்வளவுதானா?”

“மிச்சத்துக்கெல்லாம் எழுத்துலதான் பதிலு. நடவடிக்கை எடுக்குறோம்னு காயிதம் வந்துச்சு. அவுக வந்து சேர ரெண்டு வருசம் ஆச்சு. ஆனா அந்த ஒரு மணி நேரத்த நெனச்சா இன்னும் நல்லாருக்குடி.”

“மச்சான் இப்ப அதெல்லாம் பாக்குறாகளா?”

“பார்லிமெண்டு நடக்குற நாளுன்னா பதினோரு மணிக்கு ஒக்காந்துருவாக. பதினொண்ணாவது கேள்வி வரைக்கும் வர்றது அபூர்வம். பன்னெண்டு அடிச்சதும், ‘இன்னிக்கு எந்த வீட்டுல டிவிய அமத்துறாகளோ’ம்பாக.”