பழைய ஆஸ்பத்திரி

தஞ்சாவூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த அம்மாள் பக்கத்து சீட்டுக்காரரிடம், "என் ரத்தத்தக் கொண்டுக்கிட்டுப் போறேங்க" என்றார்.

"யாருக்கும்மா?"

"மகளுக்கு. ஆபரேஷன் பண்ணித்தான் புள்ளைய எடுக்கணுமாம். எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்பு. உடனே வரச் சொல்றாங்க. பெரியாஸ்பத்திரி எப்பங்க வரும்?"

"பிரசவமா? அது பழைய ஆஸ்பத்திரிலம்மா! எங்கம்மா என்னயப் பெத்ததே அங்கதான். நீங்க ஏறுன பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே இருக்கே. இது மெடிக்கல் காலேஜு ஆஸ்பத்திரிக்குல்ல போவுது."

கண்டக்டர் விசில் அடித்தார். "ஏறும்போதே பிரசவம்னு சொல்லித் தொலைக்கக் கூடாதாம்மா?"

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒருத்தரும் கேட்கவில்லை, நானும்தான்.

பஸ் நிற்பதற்குள் அம்மாள் படிக்கு வந்துவிட்டார். போன் அடித்தது.

"வந்துட்டேன் மாப்ள. ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன்."