நல்லா இருக்கிறவ

இருங்க இருங்க, இன்னொரு தடவ சொல்லுங்க. நானும் என் தங்கச்சியும் இப்ப சமமா? அப்படின்னா நான் தேறிட்டேன்னு அர்த்தமா? ஏதோ எனக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களேக்கா. கோவமா இருக்கேன், ஆமா. உங்க மேலதானான்னு இன்னும் முடிவு பண்ணல. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. ஷூ இருக்கட்டும், பரவாயில்ல. அம்மா கடையில இருந்து கிளம்பிட்டாங்களாம், இப்ப வந்துருவாங்க. துணிக்கடையில நாள் பூரா நின்னுட்டு வர்றாங்க. வந்ததும் வராததுமா இந்த நல்ல செய்திய எடுத்து விட்டுராதீங்க.

அந்த டேப்லெட்டை மொதல்ல மூடி வைங்க. தங்கச்சியக் கூப்பிட வேணாம். படுத்திருக்கா. ஆமா, இந்நேரத்துக்குத்தான். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பதிமூணு வயசுப் பொண்ணு படுத்துக் கிடந்தா உங்களுக்கு ஒண்ணும் தோணலையாக்கா? சரி விடுங்க.

உங்க ஆராய்ச்சியில என் பேரு என்ன? அடிபட்டவ. அவ பேரு? நல்லா இருக்கிறவ. நீங்கதானே சொன்னீங்க, தலையில அடிபட்ட பிள்ளைங்க எப்படித் தேறுறாங்கன்னு பாக்கணும்னா பக்கத்துல அடிபடாத ஒரு பிள்ளைய வச்சுப் பாக்கணும், ஒரே வீட்டுல வளந்த தங்கச்சின்னா ரொம்ப வசதின்னு. அம்மா தலையாட்டிட்டாங்க. பட்டாணியும் சரின்னுட்டா. பட்டாணின்னா அவதான். ஃபுட்பால் டீம்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆளு அவ்ளோதான் இருப்பா, ஆனா பந்து உசரமா வந்துச்சுன்னா என் தலை உசரத்துக்கு எகிறுவா. நான் கோல்கீப்பர், அவ ஃபார்வர்டு. வீட்டுல ஒருத்திக்கு ஒருத்தி தலைகாணியால அடிச்சுக்குவோம், மைதானத்துல பந்தால.

எனக்கு எப்படி அடிபட்டுச்சுன்னு உங்களுக்குத்தான் என்னைவிட நல்லாத் தெரியும். எனக்குதான் ஒண்ணுமே ஞாபகம் இல்லையே. ப்ராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் போயாச்சாம். நாங்க ரெண்டு பேரும் மட்டும் இன்னும் ஒரு பந்து, இன்னும் ஒரு பந்துன்னு ஆடிக்கிட்டு இருந்தோமாம். கோச் அந்தப் பக்கம் திரும்பி பந்தெல்லாம் பையில போட்டுக்கிட்டு இருந்தாராம். சத்தம் கேட்டுத் திரும்பினா நான் கோல் கம்பத்துக்குக் கீழ கிடக்கேன், புருவத்துல ரத்தம். கம்பத்துல மோதிட்டான்னாரு. அவ்ளோதான், எல்லாரும் கம்பம்னாங்க. டாக்டரும் கம்பம்னு எழுதிக்கிட்டாரு. கன்கஷன், மண்டை உடையல, ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல, ஆனா உள்ள மூளை குலுங்கிருச்சுன்னாரு. நடக்க ஆரம்பிச்சதும் நான் செஞ்ச மொத வேலை, மைதானத்துக்குப் போயி அந்தக் கம்பத்தை ஒரு ஒத விட்டதுதான். கால் வலிச்சதுதான் மிச்சம்.

அப்ப நான் இருந்த இருப்பு தெரியுமா உங்களுக்கு? நீங்க வந்து கேப்பீங்க, தலைவலிக்கு ஆறுக்கு எத்தனை மார்க், தலைசுத்தலுக்கு எத்தனை மார்க்குன்னு. பரீட்சையிலதான் நான் மார்க் வாங்கல, இதுலயாவது வாங்கலாம்னு பாத்தேன். சிரிக்காதீங்க. ஒரு வரிய படிச்சா அடுத்த வரி வரல, மறுபடியும் அதே வரிதான் வரும். ஜன்னல் வெளிச்சம் கண்ணுக்குள்ள குத்தும். யாராவது ஸ்பூனைக் கீழ போட்டா அழுகை வரும். எதுக்கு அழறேன்னு எனக்கே தெரியாது. வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கேன், கட்டுகூட பிரிச்சாச்சு, அப்ப என்ன கேடுன்னு வர்றவங்க எல்லாம் ஒரு பார்வை பாப்பாங்க. அம்மா வேற யாரோ சொன்னாங்கன்னு என்னை இருட்டு ரூம்ல போட்டு அடைச்சு வச்சாங்க. நீங்கதான் வந்து, ரெண்டு நாள் போதும், அப்புறம் மெதுவா நடக்க விடுங்கன்னு சண்டை போட்டு வெளிய எடுத்தீங்க. அதுக்கு உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன். அதனாலதான் இவ்ளோ நேரம் மரியாதையாப் பேசிக்கிட்டு இருக்கேன்.

அப்ப என்னைப் பாத்துக்கிட்டது யாரு? பட்டாணி. மிக்ஸியத் தூக்கிட்டுப் போயி பக்கத்து வீட்டுல அரைச்சுட்டு வருவா. வாசல்ல நின்னு வர்றவங்க ஷூவையெல்லாம் கழட்ட வைப்பா, டக்கு டக்குன்னு சத்தம் வந்தா அக்காவுக்குத் தலைக்குள்ள அடிக்கும்னு. லாரி ஓட்டிட்டு வாரத்துக்கு ஒரு தடவ வர்ற அப்பாவையே வாசல்ல நிறுத்தி, கத்திப் பேசாதீங்கப்பான்னு வாயில விரல் வச்சுக் காட்டுவா. எனக்கு எப்ப என்ன வலிக்கும்னு எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும். நான் அப்ப யோசிக்கல, எப்படித் தெரியுதுன்னு.

அப்புறம் நான் கொஞ்சம் கொஞ்சமாத் தேறினேனா, அவமேல புகார் வர ஆரம்பிச்சுது. கிளாஸ்ல தூங்குறா. கணக்குல முட்டை. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா. டீச்சர் சொன்னாங்க, எல்லாம் போன் பண்ற வேலைன்னு. அம்மா போனைப் புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டினாங்க. அப்பா சொன்னாரு, வயசுக் கோளாறுன்னு. ஒரு நாள் லைட்டை அணைங்கன்னு கத்தினா. அம்மா பளார்னு ஒண்ணு விட்டாங்க. அக்காவைப் பாத்து நடிக்கிறியாடி, அடிபட்டது அவளுக்கு, உனக்கென்ன கேடுன்னாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். எனக்கும் எரிச்சல்தான். என் வலிய எடுத்துப் போட்டுக்கிட்டுப் பாவ்லா காட்டுறாளேன்னு.

இதெல்லாம் நடக்கும்போது நீங்களும் வந்துக்கிட்டுதானே இருந்தீங்க? அவளையும் உக்கார வச்சு டேப்லெட்ல பொத்தான அமுக்கச் சொன்னீங்க, வார்த்தைய திருப்பிச் சொல்லச் சொன்னீங்க. மெதுவா அமுக்கினா. வார்த்தைய மறந்தா. பாத்தீங்கல்ல? என்ன, சில பிள்ளைங்களுக்கு இயல்பாவே வேகம் கம்மியா? யாருக்கு, பட்டாணிக்கா? அக்கா, வீடியோ கேம்ல என்னைக் கண்ண மூடிக்கிட்டு தோக்கடிக்கிற பிசாசு அவ. பொறந்ததுல இருந்து ஒரு தடவகூட நான் அவளை ஜெயிச்சதில்ல. இன்னைக்கு நீங்க வந்து ரெண்டு பேரும் சமம்னு சொல்றீங்க. நான் மேல ஏறிப்போயி அவளைத் தொடலக்கா. அவ கீழ இறங்கி வந்திருக்கா. இவ்ளோ படிச்ச உங்களுக்கு அது ஏன் தோணல? அவளுக்கு நல்லா இருக்கிறவன்னு பேரு வச்சாச்சு. அப்புறம் அவ எப்படி இருந்தாலும் அதுதான் நல்லா இருக்கிறது, அப்படித்தானே?

தலை வலிக்குதான்னு அவகிட்டயும் கேட்டேன், சைபர்னுதான் சொன்னாங்கிறீங்களா? சொல்லத்தான் செய்வா. ஏன்னு இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. அவ நல்லா இருந்தாதான் உங்க ஆராய்ச்சி சரியா வருமாம். அவளுக்கு வலிக்குதுன்னு சொல்லிட்டா, அக்கா தேறிட்டாளா இல்லையான்னு யாருக்கும் தெரியாமப் போயிருமாம். எனக்காக பல்லைக் கடிச்சுக்கிட்டு சைபர், சைபர், சைபர். நீங்களும் தட்டிக்கொடுத்து ஸ்டிக்கர் குடுத்துட்டுப் போனீங்க. அத அவ பென்சில் டப்பாவுல ஒட்டி வச்சிருக்கா.

காலையில பாத்ரூம்ல தரையில உக்காந்திருந்தா. லைட்டைப் போடாம. கதவைத் தட்டினேன். தட்டாதேன்னா. கத்திக்கூட சொல்லல, மெதுவா, பல்லுக்கு நடுவுல இருந்து. அந்தக் குரல் எனக்குத் தெரியும்க்கா. அது என் குரல். உள்ள போயி பக்கத்துல உக்காந்தேன். தலையில கை வச்சேன், தட்டி விட்டுட்டா. அப்புறம் சாஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னா. சொல்லி முடிச்சுட்டு, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கைய அவ தலையில வச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா. வலிக்கிற தலையில.

அதான் உங்ககிட்ட சுத்தி வளைச்சு என்னென்னமோ பேசிக்கிட்டு இருக்கேன். நீங்களா கண்டுபுடிச்சுட்டா நான் சத்தியத்தை மீறினதா ஆகாதேன்னு பாத்தேன். நீங்க கண்டுபுடிக்கிற வழியாத் தெரியல.

கேக்குதா? ஹார்ன். டீம் வேன்தான். சனிக்கிழமை மேட்ச் இருக்கு, அவளைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு கோச். இன்னைக்கு முழுக்க தலையால அடிக்கிற ப்ராக்டிஸாம். அவ எழுந்து வருவா பாருங்க, சிரிச்சுக்கிட்டே வருவா. அக்காவுக்குப் பதிலா நானாவது ஆடணும்ல அப்படிம்பா. வர விடாதீங்க. வாசல்ல நான் நின்னுக்கிறேன், கோச் என்னைத் தாண்டித்தான் உள்ள வரணும். கோல்கீப்பர்னா சும்மாவா. உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காருல்ல, எனக்குப் பாத்தாரே, அவருக்கு இப்பவே போன் போடுங்க. அம்மா வந்தா நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நான் செல்லம் குடுக்குறேம்பாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க.

என்ன சொல்லணுமா? நீங்க மொத மொதல்ல வந்தன்னைக்கு அம்மாகிட்ட கேட்டீங்களே, சின்னவளுக்கு எப்பவாவது தலையில அடிபட்டிருக்கான்னு. அம்மா இல்லவே இல்லன்னாங்க. அவ பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தா. அவளைக் கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. கேட்டிருந்தாலும் பயத்துல சொல்லியிருப்பாளோ என்னமோ, அக்காவை இடிச்சுத் தள்ளினவன்னு ஊரே திட்டும்னு நினைச்சுக்கிட்டு இருந்தவ.

கம்பம்னு எழுதி வச்சிருக்கீங்கல்ல, அத அடிச்சிருங்கக்கா. அந்தக் கம்பம் ஒரு பாவமும் பண்ணல. நான் பந்தைப் புடிக்கத் தாவினேனாம், அவ தலையால அடிக்க எகிறினாளாம். ரெண்டு பேரும் ஒரே பந்துக்கு, தலையோட தலை மோதிருச்சாம். நான் விழுந்துட்டேன், அவ விழல. கோச் என்னைத் தூக்கிட்டு ஓடினாராம். அவ பின்னாடி போயி வாந்தி எடுத்துட்டு, வாயத் தொடச்சுக்கிட்டு, என் பையையும் தூக்கிக்கிட்டு வந்திருக்கா.

வாங்க, இந்தப் பக்கம்தான் ரூம். லைட்டைப் போட்டுராதீங்க. ஷூவைக் கழட்டிட்டு வாங்கக்கா.