ஒரு சாண் குழாய்

“சைலன்ஸர் பக்கமா பெட்ரோல் குழாயை இழுத்தா வண்டி ஓடாது மச்சான், வேகும்.”

“உங்க பேச்சைக் கேட்டுச் சுத்தி வளைச்சா, பெட்ரோல் நாளைக்குத்தான் இஞ்சினுக்கு வரும் மாமா.”

எதிர்வீட்டு ஷெட்டில் இப்படிச் சண்டையில் கூரை பறந்துகொண்டிருந்தபோது, நான் ஜன்னலோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் ஐயா. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பழக்கமில்லை. காது தானாகப் போனால் நான் என்ன செய்ய?

முதல் குரல் வெல்டருடையது. இரண்டாவது அவர் மனைவியின் தம்பி, டிரைவர். பழைய காரில் பெரிய இஞ்சினைப் பொருத்தி ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தால் வெளியூர்க் கம்பெனியில் இருவருக்கும் வேலை, குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். ஆறு வருடமாக அந்த வீட்டுச் சண்டையைக் கேட்டுத்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. அவர்கள் போய்விட்டால் என் ஜன்னலுக்கு என்ன வேலை?

கடைசியில் அக்காக்காரி கரண்டியோடு வந்து தீர்ப்புச் சொன்னாள். “அடியில இரும்புக் குழாய், சைலன்ஸருக்கு எதிர்ப்பக்கம். இஞ்சின் ஆடுற இடத்துல மட்டும் ஒரு சாண் ரப்பர். ரெண்டு பேரும் வாயை மூடுங்க.”

“ரப்பர்னா பெட்ரோலுக்கான ரப்பர்,” என்றார் வெல்டர். “தண்ணிக் குழாயைப் போட்டா பெட்ரோலைக் குடிச்சு ஊதி, கிளிப்பை விட்டு உருவிக்கும்.”

எனக்காகவே விளக்கியதுபோல் இருந்தது.

வெட்டிய துண்டை பானெட் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். செடிக்குத் தண்ணீர் விடும் என் குழாயும் அதே கறுப்பு, அதே தடிமன். அளவு பிசகாமல் வெட்டி, மாற்றி வைத்தேன். கைவேலையில் நான் சுத்தம். அவர்கள் மாட்டும்போதும் சண்டைதான்; சண்டை போடுகிறவன் குழாயையா பார்ப்பான்?

வண்டி மக்கர் செய்யும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒழுகினால் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்றும் வெல்டர் அப்போதே சொல்லியிருந்தார். அந்த நேரம் என் குக்கர் விசிலடித்ததால் காதில் விழவில்லை என்று உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். விசில் அடிக்கவில்லை ஐயா.

பந்தயத்தில் இரண்டாம் சுற்றில் வண்டி பற்றியது. டிரைவர் குதித்துவிட்டான். புருவம் முளைத்துவிட்டது, இடது கை விரல்கள்தான் இன்னும் மடங்குவதில்லை. தண்ணிக் குழாயை மாட்டியது நீயா நானா என்று ஒரு மாதம் சண்டை. அப்படியொரு மாதம் எனக்கு வாய்த்ததே இல்லை.

பிறகு டிரைவர், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டு அவள் ஊருக்குப் போனான். வெல்டர் தனியாகத் துறைமுக வேலைக்குப் போனார். அக்காக்காரி அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது என் தோளில் சாய்ந்து அழுதாள். “நீங்க ஒருத்தர்தான்க்கா எங்களுக்கு ஆறுதல்.”

எதிரே இப்போது பூட்டுத் தொங்குகிறது. போனவர்கள் ஒரு போன்கூடப் போடவில்லை. இந்தக் காலத்தில் யாருக்கு ஐயா நன்றி இருக்கிறது?