சந்தனம் பூசின புறொசெசர்

— பாருங்கோ மயில்வாகனம் அண்ணை, கணக்குக்கு மேல கணக்குக் குடுத்துப் புறொசெசரை ஓட விட்டிருக்கிறன். சூடு எழுபது பாகைதான். மதர்போர்டிலயும் ஒரு சத்தமில்லை.

— உன்ர கடையில அடக்கமாத்தான் இருக்கும், சிவரூபி பிள்ளை. வீட்டில பத்து நிமிசத்தில பொசுக்கெண்டு நிண்டிடும். நேசமலர், நீர் சொல்லுமன்.

— ஓம் பிள்ளை. மகள் தேனுகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்லைனில சோதினை. நடுவில நிண்டா ஒரு வருசம் போச்சு. எனக்கு நித்திரையே இல்லை.

— பயப்பிடாதேங்கோ அக்கா. பழுதான சாமான் நான் குடுக்கிறேல்ல. கிளிநொச்சி முழுக்க விசாரிச்சுப் பாருங்கோ.

— ஊரை விசாரிக்கவே உருத்திரபுரத்தில இருந்து ஓட்டோ பிடிச்சு வந்தனாங்கள்? கேரண்டி இண்டையோட முடியுது. பிழையெண்டா போர்டும் புறொசெசரும் புதுசு தருவன் எண்டு நீதான் சொன்னனீ.

— தருவன். எண்பத்தெட்டு... தொண்ணூற்றாறு... அட, நிண்டுபோச்சு. சரியா இருவது நிமிசம்.

— இப்ப நம்புறியே?

— பொறுங்கோ அண்ணை, காத்தாடியைக் கழட்டிப் பாப்பம். இதென்ன, கோயில் மாதிரி மணக்குது? சந்தனம்! ஓரத்தில இன்னும் காயக்கூட இல்லை.

— காலமை நான்தான் பூசினனான். சந்தனம் குளிர்ச்சி தானே.

— நெத்திக்குக் குளிர்ச்சி, அண்ணை. இதுக்கெண்டு தனிப் பசை இருக்கு. கண்டதையும் பூசினா சூடு வெளியால போகாது. எரிஞ்சுதான் போகும்.

— அப்பிடியே? எரிஞ்சா ஆரின்ர பிழை?

— பூசின ஆளின்ர பிழைதான். இதில என்ன கதை. கேரண்டியும் போச்சு.

— சும்மா சொல்லப்படாது, நல்ல நியாயம். நேசமலர், கேட்டனீரே?

— வடிவாக் கேட்டனான்.

— நான் பூட்டித் தந்த பெட்டியை ஏன் அண்ணை திறந்தனீங்கள்? முந்தியும் ஆரும் திறந்தவையோ?

— இல்லைப் பிள்ளை. இண்டைக்குக் காலமை நான் திறந்ததுதான் முதல். நேசமலர், அந்தக் கைலேஞ்சித் துணியை எடும்.

— என்ன லேஞ்சி? வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்குது.

— சந்தனம் பூச முதல் அதில கிடந்ததைத் துடைச்சனான். மணந்து பாரன், பிள்ளை.

— ...அண்ணை, அண்டைக்குக் கடையில பசை முடிஞ்சுபோச்சு...

— உன்ர கராம்புப் பற்பசை பத்து நிமிசம்தான் தாங்கினது, பிள்ளை. என்ர சந்தனம் இருவது.